பாத்திரமும் போர்முறையும்

கதைமாந்தர் ஒருவரைப் படைக்கப் புகும் ஆசிரியன் அவருக்குப் பெயர் இடுகின்றான். ஊரும் உறவும் வகுக்கின்றான். பேசும் மொழியையும் உடுக்கும் உடையையும் தேர்ந்து அளிக்கின்றான். அம்மாந்தர் போர் செய்ய நேரும் இடத்தில் மட்டும் அவன் கை பெரும்பாலும் தளர்ந்துவிடுகின்றது. ‘கடும்போர் நிகழ்ந்தது’ என்று எழுதி அப்பாற் செல்கின்றான். அன்றேல், திரைப்படத்திற் கண்ட பாய்ச்சலையும் சுழற்சியையும் அவ்வாறே எடுத்து ஒட்டிவிடுகின்றான். வீரன் அடித்தாலும் அதே அடி. வஞ்சகன் அடித்தாலும் அதே அடி. பேச்சினால் வேறுபட்ட இருவர் போரினால் ஒருவராகிவிடுகின்றனர். இக்குறையை எவ்வாறு நீக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் மாணாக்கரிடையே இவ்வினா இன்று இரண்டு வழியாக எழுகின்றது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் எழுதுவோர் ஒரு சாரார். மற்றொரு சாரார், மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டில் ஈடுபட்டோர். இவ்விளையாட்டு அமெரிக்க நாட்டிற் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவரால் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற பெயருடன் 1974ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஆடுவோர் தத்தம் பாத்திரத்தின் வலிமை, அறிவு, விரைவு முதலியவற்றை எண்ணால் அளந்து குறித்துக்கொள்வர். அப்பாத்திரத்திற்கு ஒரு போர்க்கலையையும் அமைப்பர். நாடகம் எழுதுவோராயினும் விளையாடுவோராயினும், இவ்விளையோர் செய்யும் முதல் வேலை அடிகளின் பெயரை அடுக்குவதே. சீனத்து அடி இத்தனை, சப்பானியப் பிடி இத்தனை எனப் பட்டியல் நீளும். யாருக்காக அப்பட்டியல் என்னும் வினா மட்டும் கேட்கப்படுவதில்லை.

நம் முன்னோர் இதனை மறுதலையாகக் கேட்டனர். பொருபவன் யாவன், அவன் எதிரி யாவன் என்பன முதல் வினாக்கள். அடி எத்தகையது என்பது இறுதி வினா. இம்முறைக்குச் சிறந்த சான்று சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல். மாதவி ஆடிய அப்பதினொன்றும் தேவர்க்குரிய ஆடல்கள். அவற்றுட் பல போரிற் பிறந்தவை. கஞ்சன் வஞ்சித்து விடுத்த யானையை மாயவன் வென்ற கதை அல்லியம் ஆயிற்று. வாணனோடு அவன் மற்போர் செய்தமை மல்லாடல் ஆயிற்று. கடலின் நடுவே சூரனை வென்ற முருகன், அலையையே அரங்கமாகக் கொண்டு துடி ஆடினான். அவுணர் படைக்கலம் இழந்து தளர்ந்த பொழுதில் அவன் ஆடியதோ குடைக்கூத்து; ஆங்கு வாளில்லை, வேலில்லை; குடையே திரையாகச் சாய்கின்றது.

இவற்றுள் மரக்காலாடல் நம் வினாவிற்கு நேரே விடை பகர்வது. அவுணர் பாம்பும் தேளுமாக உருமாறி ஊர்ந்து வந்தனர். மண்ணில் ஊரும் பகைக்கு நீண்ட வாளினாற் பயன் என்ன? கொற்றவை மரத்தாற் செய்த கால்களின்மேல் ஏறி நின்று அவற்றை உழக்கினாள். பகையின் இயல்பே போர்முறையை வகுத்தது. திருமகளோ கொல்லவே இல்லை. அவள் பாவை வடிவு கொண்டு ஆட, கண்ட அவுணர் மயங்கிப் போர்க்கோலம் நீங்கினர். முருகன், கொற்றவை, திருமகள் என்னும் மூவரும் அவுணரையே எதிர்த்தனர். ஒருவர் முறை மற்றவர்க்குப் பொருந்துமா என்று மாற்றிப் பார்த்தால், பொருந்தாது என்பது உடனே விளங்கும். ஒரு போர்முறை ஒரு பாத்திரத்திற்கே உரியது என்பதை அறிய இதனினும் சிறந்த உரைகல் இல்லை.

வடமொழியிற் பரதர் இயற்றிய நாட்டிய சாத்திரம் இதனை இலக்கணமாகவே வகுத்துள்ளது. அரங்கிற் படைக்கலம் ஏந்திப் பொருதற்குரிய முறைகளை அந்நூல் ‘நியாயம்’ என்னும் பெயரால் நான்காகப் பகுக்கின்றது. பாரதம் என்னும் முறையில் வீச்சு இடையை நோக்கிச் செல்லும், சாத்துவதத்திற் பாதத்தை, வார்ஷகண்யத்தில் மார்பை, கைசிகத்தில் தலையை. நிற்கும் நிலைகளையும் அந்நூல் ஆறாக எண்ணுகின்றது. எய்வதற்கு ஆயத்தமாதல் ஆலீடம் என்னும் நிலையில். எய்தல் அதன் மறுதலையாகிய பிரத்தியாலீடத்தில். ஆகவே, எங்கு நோக்குகின்றான், எவ்வாறு நிற்கின்றான் என்னும் இரண்டையும் தெளிந்துகொண்டால், பொருபவனின் பாதி இயல்பு நமக்கு விளங்கிவிடும். எதிரியின் காலை நோக்கி வீசுபவனும் தலையை நோக்கி வீசுபவனும் ஒரே மனம் உடையவர் ஆகார்.

அந்நூல் வேறொரு கட்டளையும் இடுகின்றது. அரங்கிலே படைக்கலம் உண்மையில் உடலிற் படலாகாது. பிளத்தலும் குத்தலும் குருதி சிந்துதலும் ஆகா. குறிப்பினாலேயே அவற்றை உணர்த்தல் வேண்டும். இக்கட்டளையை மனத்திற் கொள்க. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

இனி, பாத்திரத்தின் ஆற்றலுக்கு வரம்பு வகுத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வாலியின் கதை போதும். தன் எதிரே நின்று பொருபவரின் வலிமையிற் பாதி தன்னை வந்தடையும் வரம் பெற்றவன் வாலி என்பது கம்பர் காட்டும் செய்தி. போர்க்கலை என்னும் நோக்கில் இதனைப் பார்மின். ‘மிக வல்லவன்’ என்று பொதுவாகச் சொல்லாமல், அவ்வலிமைக்கு ஒரு விதி வகுக்கப்பட்டிருக்கின்றது. எதிர்நின்றால் மட்டுமே அவ்வரம் பலிக்கும். அவ்வொரு விதியிலிருந்தே இராமன் மறைந்து நின்றமை பிறக்கின்றது. அதிலிருந்து, வீழ்ந்து கிடக்கும் வாலி எழுப்பும் அறவினா பிறக்கின்றது. அவ்வினாவிற்கு விடை தேடிப் பட்டிமண்டபங்களில் நாம் இன்றும் வாதிடுகின்றோம். வரத்தில் வரம்பு இல்லையாயின் கதையில் வினாவும் இல்லை. பகடை உருட்டி விளையாடும் இளைஞரும் இதனை அறிவர். எவராலும் வெல்லப்படாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஆட்டம் நடவாது.

பாரதத்திலும் இவ்வாறே. பீமனும் துரியோதனனும் தண்டேந்தி எதிர்நின்றபொழுது, வலிமையிற் பீமனும் பயிற்சியில் துரியோதனனும் மேம்பட்டவர் என்று கண்ணன் நிறுத்துக் கூறுகின்றான். ஒரே படைக்கலம், ஒரே ஆசான் பலராமன், எனினும் போர்முறை இரண்டு. இடைக்குக் கீழ் அடித்தல் ஆகாது என்பது தண்டுப்போரின் நெறி. அந்நெறி மீறப்பட்ட இடத்திலேதான் கதையின் உச்சம் அமைந்துள்ளது. செய்யத்தக்கது எது என்பதினும் செய்யத்தகாதது எது என்பதே போர்முறைக்கு உயிர் என்பது இதனாற் பெறப்படும். இலங்கையிற் பிறந்த எம்.ஜி.ஆர். திரையில் ஏற்ற வீரப் பாத்திரங்களை மக்கள் மறவாமைக்கும் இதுவே காரணம் எனலாம். எதிரியின் வாள் கைநழுவி வீழ்ந்தால், அதனை அவனிடமே மீட்டளித்துப் பின் பொருவது அப்பாத்திரங்களுக்குரிய அடையாளம் ஆயிற்று. வாள்வீச்சைப் பிறரும் கற்கலாம். அவ்வொரு செயலே பாத்திரத்தைக் காட்டிற்று.

ஏட்டில் உள்ள இவ்வுண்மைகளை ஆட்டத்திலே காண விழைவோர் நம் நாட்டுக் கூத்தை நோக்குக. மட்டக்களப்பில் வழங்கும் வடமோடி, தென்மோடி என்னும் இரண்டனுள் வடமோடி போருக்குச் சிறந்தது. பாரதமும் இராமாயணமும் அதற்குப் பொருள் தருவன. பாத்திரம் களரிக்குட் புகும்பொழுதே அதற்குரிய தாளக்கட்டு வேறு, ஆட்டம் வேறு. வருபவன் அரசனா, முனிவனா, அரக்கனா என்பதைப் பாட்டுத் தொடங்குமுன் மத்தளமே சொல்லிவிடும். வடமோடி அரசன் விறைத்து விரிந்த கரப்புடுப்பும் கனத்த முடியும் அணிந்தவன். அவ்வுடையோடு நிலத்தில் உருளவும் இயலாது. தலைகீழாகப் பாயவும் இயலாது. ஆதலால், சுழன்றும் எதிரேறியும் பின்வாங்கியும் இடம் மாறியும் நிகழ்வது அவன் போர். உடை போரைத் தடுக்கவில்லை. அதற்கு வடிவம் தந்தது. களரி வட்டமாதலின், நாற்புறமும் அமர்ந்து காண்போர் எவருக்கும் முதுகு காட்டியே நில்லாதவாறு சுற்றிப் பொருதல் வேண்டும். நடுவே அண்ணாவியாரின் தாளம் நிற்ப, வாளொடு வாள் மோதுவது அத்தாளத்திற்குக் கட்டுப்பட்டே நிகழும்.

இக்கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணாக்கரைக் கொண்டு புதுக்கியமை யாவரும் அறிந்தது. 1962இற் கர்ணன் போர், 1967இல் வாலி வதை, இடைப்பட்ட ஆண்டுகளில் நொண்டி நாடகம், இராவணேசன் என்பன மேடை ஏறின. விடியவிடிய நிகழ்ந்த கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குச் சுருங்கியது; வட்டக்களரி ஒருபுறம் நோக்கும் மேடையாயிற்று. இதனாற் போர்க்காட்சியும் மாறவேண்டியதாயிற்று. நாற்புறத்தார்க்கும் சுற்றிக் காட்டிய போரை முன்னிருப்போர்க்கு மட்டும் காட்டும் வகையில் நிரைப்படுத்தல் வேண்டும். ஒருமணிப் பொழுது நிகழ்ந்த ஆட்டத்தின் சாரத்தைச் சில நிமிடத்திற் பிழிந்து தரல் வேண்டும். மரபை அறிந்த அண்ணாவியாரும் மேடையை அறிந்த பேராசிரியரும் ஒருங்கு கூடியமையால் அஃது இயன்றது. இராவணேசனை எழுதி, இராவணனாகவும் ஆடிய சி. மௌனகுரு, 1969இற் சங்காரம் என்னும் நாடகத்தில் அதே வடமோடி ஆட்டத்தைச் சாதி, இனம், வர்க்கம் என்னும் அரக்கரை எதிர்க்கும் போருக்குப் பயன்படுத்தினார். பழைய தாளம் புதிய பகையையும் வெல்ல வல்லது என்பதற்கு அது சான்று.

கொழும்பு அரங்கிலே இதற்குமுன் நிகழ்ந்த ஒன்றையும் இங்கு நினைத்தல் தகும். 1956 நவம்பர் 3இல் லயனல் வென்ட் அரங்கிற் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரரின் ‘மனமே’ முதன்முறை ஆடப்பட்டது. அந்நாடகம் தழுவிய சிங்கள நாடகமரபு தமிழ்க் கூத்தின் வழிவந்தது என்பர் ஆய்வாளர். அக்கதைக்கு மூலமான சாதகக் கதையில் வரும் தலைவன் வில்லாளி. நாற்பத்தொன்பது கள்வரை அம்பினால் வீழ்த்திய அவனிடம் ஐம்பதாவது ஆளாகிய கள்வர் தலைவனுக்கு அம்பு எஞ்சவில்லை. வில்லில் வல்லவன் மற்போருக்கு இறங்குகின்றான். மனைவியிடம் வாளைக் கேட்கின்றான். அவள் வாளின் பிடியைக் கள்வன் கைக்கு நீட்டிவிடுகின்றாள். தனக்குரிய கலை முடிந்துபோன கணத்திலேதான் அவன் பிறர் கையை நம்ப நேர்ந்தது. ஒரு பாத்திரத்தின் போர்முறை எங்கே முடிகின்றது என்று கேட்பது, அதன் கதை எங்கே தொடங்குகின்றது என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

மேனாட்டாரும் இதனை அறியாதவர் அல்லர். விபுலாநந்த அடிகள் ‘மதங்க சூளாமணி’யிற் செகசிற்பியார் என்று தமிழ்ப்படுத்திய அப்பெரும்புலவர், ‘ரோமியோவும் சூலியத்தும்’ என்னும் நாடகத்தில் திபால்ட் என்பவனைப் படைத்தார். அவன் இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடுபவனைப்போல, இடமும் காலமும் அளவும் பிழையாது வாள் வீசுபவன் என்று அவனை வெறுக்கும் மெர்க்கூசியோ எள்ளி நகையாடுகின்றான். அவ்வெள்ளலாலேயே திபால்டின் இறுகிய உள்ளமும், மெர்க்கூசியோவின் கட்டற்ற உள்ளமும் ஒருங்கே புலனாகின்றன. வாள் உறையினின்று வெளிவருமுன்னரே இருவர் போர்முறையையும் நாம் அறிந்துவிடுகின்றோம்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து மாணாக்கர்க்கு ஐந்து வினாக்களாக வகுத்துத் தரலாம். பாத்திரத்தின் உடல் எத்தொழிலிற் பழகியது? அது பொருவதற்குக் காரணம் என்ன? அதன் கை எதனைப் படைக்கலமாகக் கொள்ளும்? எதனைச் செய்ய மறுக்கும்? எங்கே தோற்கும்? இவ்வைந்திற்கும் விடை கண்டபின் அடிகளின் பெயரைத் தேடலாம்.

எடுத்துக்காட்டாக, கொட்டாஞ்சேனைப் புறத்தில் வாழ்ந்து, புறக்கோட்டைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமி ஒருவனைப் பாத்திரமாகக் கொள்வோம். விடியற்காலம் முதல் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றி, நெருக்கடியான சந்துகளில் எவர்மேலும் இடியாமல் நடப்பவன் அவன். ஆகவே அவன் நிலை தாழ்ந்தது. பாதம் நிலத்தை விட்டு உயர எழாது. உதைத்தல் அவனுக்கு இயல்பன்று. சுமையின் கீழ்க் கழுத்தைத் திருப்ப இயலாதவன், கண்ணால் அன்றிக் காதாலும் தோளாலும் பக்கத்து அசைவை உணர்வான். எதிரி பாய்ந்தால் அவன் தடுக்கமாட்டான். அப்பாரத்தைத் தோளில் ஏற்று, வழக்கம்போல இறக்கிவைப்பான். அடித்து வீழ்த்துவதன்று அவன் கலை. சுமந்து இறக்குவதே அவன் கலை. அவன் இடையில் மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக்கொக்கி இருக்கின்றது. அதனை மனிதன்மேல் ஓங்கமாட்டான். அது சோறு தரும் கருவி. அதிற் குருதி பட்டால் மறுநாள் அதனை அரிசியில் எவ்வாறு வைப்பான்? இது அவன் மறுப்பு. ஆண்டுக்கணக்காகப் பாரம் தாங்கிய முழங்கால் நெடுநேரம் நில்லாது. இது அவன் தோல்வி.

இனி, அவனுக்கு எதிராகக் கடன் தண்ட வந்த ஓர் இளைஞனை நிறுத்துக. உடற்பயிற்சிக் கூடத்திற் கண்ணாடி முன் நின்று பயின்றவன் அவன். அவன் அடி அழகியது, உயர்ந்தது, விரைந்தது, தன்னை எவரேனும் காண்கின்றாரா என்று நோக்குவது. சந்தோ ஒடுங்கியது, காலை வீச இடமில்லை. ஆயினும் காலம் அவன் பக்கம். முழங்கால் தளரும்வரை காத்திருந்தால் அவன் வெல்லுவான். பொறுமையோ அவனிடம் இல்லை. இவ்விருவரையும் எதிர்நிறுத்திவிட்டால் ஆசிரியன் அடியை எண்ணவேண்டுவதில்லை. போர் தானே நிகழும். கொக்கியின்மேல் நாட்டாமியின் கை சென்று மீளும் அக்கணத்தில் அவையோர் மூச்சடங்கியிருப்பர். அதற்கு நூறு பாய்ச்சல் ஈடாகாது.

மேடையில் அமைக்குங்கால் இவ்விருவர்க்கும் வெவ்வேறு தாளம் தருக. இளைஞனுக்கு விரைந்த நடை; நாட்டாமிக்குச் சுமை தூக்குவோனின் மந்த நடை. இளைஞன் மெல்ல மெல்ல மற்றவன் தாளத்திற்குள் இழுக்கப்படுவானாயின், எவன் வெல்கின்றான் என்பதைச் செவியே அறியும். சிலம்பக்காரர் தம் கோலைத் தத்தம் நெற்றியளவு கொண்டு தேர்வர். கோல் ஆளுக்கு அளந்தெடுப்பதுபோல, ஆட்டமும் ஆளுக்கு அளந்தெடுக்கத் தக்கது.

இஃது எழுதுவோர்க்குரிய உத்தி மட்டுமே என்று எவரும் எண்ணற்க. 1983 முதல் 2009 வரை போர் கண்ட நாடு இது. நம் வகுப்பறையில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் பலர் அப்போரை நேரிற் காணாதவர். எனினும் அவர்தம் வீடுகளிற் சுவரில் தொங்கும் படங்கள் உண்டு. அவர்கள் அரங்கிற் போர் ஆட விழைவது இயல்பே, தடுத்தல் பயனற்றது. எப்போரை ஆடக் கற்பிக்கின்றோம் என்பதே நம் பொறுப்பு. பகைவனை முகமற்ற திரளாக்கி, அடித்து வீழ்த்திக் கைதட்டல் பெறும் போரை ஆடின் அவர் ஒன்றும் கல்லார். பகைவனுக்கும் ஓர் உடல் உண்டு, அவ்வுடலுக்கு ஒரு தொழில் உண்டு, அவன் செய்ய மறுக்கும் ஒன்றும் உண்டு என்று எண்ணி அவன் போர்முறையை வகுக்கும் மாணாக்கன், அவனை அறியத் தலைப்படுகின்றான். தன்னிடத்து இல்லாத முறையில் நின்று பார்த்தல், பிறன் உள்ளத்தில் நின்று பார்த்தற்கு முதற்படி. குருதி சிந்தாது குறிப்பினால் உணர்த்துக என்று பரதர் இட்ட கட்டளையின் பயன் இதுவே. காயம் இல்லாத போரில் மட்டுமே எதிரியை உற்றுநோக்க நமக்கு நேரம் கிடைக்கின்றது.

ஆதலின், நாடகம் பழக்கும் ஆசிரியர்கள் ஒன்று செய்வாராக. கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ, கொட்டாஞ்சேனை மண்டபங்களிலோ, பாடசாலை முற்றத்திலோ கூத்து நிகழுமாயின் மாணாக்கரை அழைத்துச் செல்க. அண்ணாவியார் ஒருவரை இருபது நிமிடமேனும் வகுப்பிற்கு அழைத்து, அரசனும் அரக்கனும் களரிக்குள் வரும் வரவுகளை ஆடிக்காட்டச் செய்க. பின்பு ஒவ்வொரு மாணாக்கனிடமும் தான் நன்கறிந்த தொழிலாளி ஒருவரின் உடலசைவைக் கண்டுவந்து, அதிலிருந்து ஒரு போர்முறை அமைக்கச் சொல்க. மீன் வெட்டுபவரின் மணிக்கட்டும், தையற்காரரின் குனிந்த முதுகும், பேருந்து நடத்துநரின் ஊன்றிய காலும் அவர்க்கு ஆசான்கள் ஆகும். பட்டியலிலே தேடியது தெருவிலேயே இருப்பதை அப்பொழுது அவர் காண்பர்.